மகரந்தப் பையின் உட்சுவரும் கதிர் பதராதலும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலை, கடல்மட்டத்திற்கு 1,000 அடிக்குச் சற்று மேற்பட்ட வெப்பமான சமவெளியில் தொடங்கி, 4,000 அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த சரிவில் போய்ச் சேருகிறது. அடிவாரத்தில் நெல்லும் சோளமும் கம்பும் மக்காச்சோளமும், இடைச்சரிவில் மாவும் இலவும் காப்பியும், மேட்டைத் தாண்டியதும் ஏலமும் என்று ஒரே வழியில் மூன்று விதமான சாகுபடியைக் காணலாம். கீழே புன்செய்யும் மேலே ஏலத்தோட்டமும் ஒருங்கே வைத்திருக்கும் குடும்பங்கள் போடியில் பல உண்டு.

இத்தகைய நிலச்சுவான்தார், விளைச்சல் குறைந்த காலத்தில் முதலில் மண்ணையும் நீரையும் எருவையும் பார்ப்பர். பின்னர் பூச்சியையும் நோயையும் தேடுவர். ஆனால் தாளும் தோகையும் செழித்து நின்று, பூச்சியும் நோயும் இன்றி, கதிர் மட்டும் பதராகிவிடும் சமயங்களும் உண்டு. அப்பொழுது "காற்று அடித்துவிட்டது" என்பார் சிலர். "விதையே மோசம்" என்று வியாபாரியைப் பழிப்பார் சிலர். இருவர் சொல்லிலும் சில வேளை உண்மை இருக்கக்கூடும். எது உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டுமாயின், பூவினுள் மகரந்தம் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று அறிந்திருத்தல் அவசியம். மணி பிடியாமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் மகரந்தப் பையின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய சுவரில் இருக்கிறது. அதே சுவரின் குறையைக் கருவியாகக் கொண்டே இந்நாளில் வீரிய ஒட்டு விதைகள் பல செய்யப்படுகின்றன.

மகரந்தப் பையைப் பார்த்தறிய ஏலப்பூவைவிட நல்ல பூ இல்லை. நெற்பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி முனையும் பொறுமையும் வேண்டும். ஏலப்பூவையோ நகத்தாலேயே பிரித்துவிடலாம். வெள்ளை இதழின் நடுவே ஊதாக் கோடுகள் ஓடும் உதட்டின்மேல், தடித்த கேசரம் ஒன்றே ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் தலையில் இரண்டு மடல்களாகப் பிரிந்திருப்பதே மகரந்தப் பை. இரு மடல்களுக்கும் இடையேயுள்ள பள்ளத்தின் வழியாகச் சூல்தண்டு நூல்போல ஏறி, சூல்முடியைப் பைக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பை வெடித்துத் தாது கொட்டினாலும், சூல்முடி உயரத்தில் இருப்பதால் தாது தானாக அதன்மேல் ஏறாது. தேனீ வந்தே தீரவேண்டும். ஏலப்பூ விடியற்காலையில் மலர்கிறது. மலர்ந்த உடனே பையும் வெடிக்கிறது. அத்தாதுவின் ஜீவசக்தி சில மணி நேரத்திற்குள் வெகுவாகக் குறைந்து, பூவும் அன்றே வாடிவிடும். ஆகையால் காலையில் தேனீக்கள் நடமாடும் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பவர், அன்று மலர்ந்த பூக்களில் பலவற்றைத் தம் கையாலேயே உதிர்த்தவராவர். மருந்து தவிர்க்க முடியாததாயின், தேனீ அடங்கிய பிற்பகலில் தெளிப்பதே தகும். மழை விடாது பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் தேனீ வெளிவராமல் பூ உதிர்வதும் இக்காரணம் பற்றியதே.

இது, நன்றாக உண்டான தாது போய்ச் சேராமல் வீணாவது. தாதுவே உண்டாகாமற் போவது வேறு விஷயம். இனிப் பார்க்கவேண்டுவது அதைத்தான்.

எந்தப் பயிரானாலும் மகரந்தப் பையின் சுவர் பொதுவாக நான்கு அடுக்குகளால் ஆனது. வெளியே தோல். அதற்கு உள்ளே, உலரும்போது வில்போல் இழுத்துப் பையை வெடிக்கச் செய்யும் அடுக்கு. அதனுள் சில நாள் மட்டுமே இருந்து நசுங்கிப்போகும் நடு அடுக்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே, தாது உண்டாகும் அறையைச் சுற்றிலும் பூசினாற்போல் ஓர் உயிரணு கனமே உள்ள அடுக்கு ஒன்று இருக்கிறது. பள்ளிப் பாடப் புத்தகங்களில் இதை டபீட்டம் என்பர். இதன் தொழிலை நோக்கி ஊட்டுச்சுவர் என்று இங்கு வழங்குவோம். பிள்ளையைப் பெற்ற தாய் வேறாக, வளர்த்துவிடும் செவிலி வேறாக இருப்பதுபோல, தாதுவைப் பிறப்பிப்பது அறையின் நடுவிலுள்ள தாய் உயிரணுக்கள். அதை வளர்த்து ஆளாக்குவது இச்சுவர்.

அச்செவிலியின் வேலைகள் நான்கு. தாய் உயிரணு ஒவ்வொன்றும் பிரிந்து நான்கு இளந்தாதுக்களாகும்போது, அந்நான்கும் ஒரு கெட்டியான உறையினுள் அகப்பட்டிருக்கும். அவ்வுறையைக் கரைக்கும் புளிப்பொருளைத் தக்க நாளிலே சுரந்து அவற்றை விடுவிப்பது முதல் வேலை. விடுபட்ட இளந்தாதுக்களுக்குச் சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் ஊட்டுவது இரண்டாவது. தாதுவின் மேலோட்டுக்கு வேண்டிய சரக்கைத் தயாரித்து அளிப்பது மூன்றாவது. இம்மேலோடு சாமானியமானதன்று. அமிலத்திலும் எளிதிற் கரையாது. ஏரிக்கரைச் சேற்றில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் புதைந்து கிடந்தாலும் அழியாது. பழங்காலத்தில் ஒரு பிரதேசத்தில் எவ்விதச் செடிகொடிகள் இருந்தன என்பதை ஆராய்ச்சிக்காரர் அறிவது இதைக் கொண்டுதான்.

நான்காவது வேலை விசித்திரமானது. ஊட்டுச்சுவர் உரிய காலத்தில் தானே மாள வேண்டும். மாண்டு கரைந்த அதன் மிச்சமே தாதுவின்மேல் எண்ணெய்ப் பூச்சாகப் படிந்து, தேனீயின் உடலிலும் சூல்முடியிலும் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. நாற்றுப் பிடுங்கியபின் நாற்றங்கால் இருந்து பிரயோஜனமில்லை. ஆனால் நாற்று வேர்விடுமுன்பே நாற்றங்கால் காய்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று. ஊட்டுச்சுவரும் அப்படியே. நாளுக்கு முன் மாண்டாலும் தாது பட்டினி கிடந்து சுருங்கும். நாள் கடந்தும் மாளாமல் ஊதிப் பெருத்தாலும் தாது நசுங்கி வெறும் ஓடாகும். உறையைக் கரைக்கும் வேலை பிசகுவதே போதுமானது: பெட்டூனியா என்னும் பூச்செடியில் இப்புளிப்பொருள் அகாலத்தில் வேலை செய்வதால் தாது மலடாவதை இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சிக்காரர் 1971 ஆம் வருஷத்தில் எடுத்துக்காட்டினர்.

இத்தனை வேலைகளையும் சில நாட்களுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால், ஊட்டுச்சுவருக்கு மிகுந்த சக்தி தேவை. உயிரணுக்களில் உணவை எரித்துச் சக்தியாக்கும் நுண்ணிய அடுப்புகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்பது அவற்றின் பெயர். மக்காச்சோளத்தின் ஊட்டுச்சுவரில் இவ்வடுப்புகள், தாது உண்டாகும் காலத்தில் சுமார் 40 மடங்கு பெருகுகின்றன என்று 1979 இல் கணக்கெடுத்துக் கூறினர். செடியின் வேறெப்பாகத்திலும் இவ்வளவு நெருக்கடி இல்லை. ஆகவே அடுப்பில் சிறு கோளாறு இருந்தால், வேரும் தண்டும் இலையும் அதைத் தாங்கிக்கொள்ளும்; ஊட்டுச்சுவர் தாங்காது. செடி முழுவதும் ஆரோக்கியமாக இருக்க, தாது மட்டும் மலடாவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. பெரும்பாலான பயிர்களில் மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே சந்ததிக்குச் செல்வதால், இக்கோளாறும் தாய் வழியாகவே தொடரும். இதையே தாய்வழி ஆண்மலட்டுத்தன்மை என்கிறோம். இத்தகைய செடியில் சூலுக்கு ஒரு குறையும் இல்லை. அயற்செடியின் தாது வந்து விழுந்தால் மணி பிடிக்கும்.

பிறவிக் குறையான இது எவ்வாறு உபயோகமாயிற்று? இரு வேறு குலத்துச் செடிகளைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை, தாய் தந்தை இரண்டினும் வீரியமாக வளர்கிறது. ஆனால் கலப்பதற்குத் தாய்ச்செடியின் தாதுவை நீக்க வேண்டும். மக்காச்சோளத்தில் ஆண் பூங்கதிர் உச்சியில் தனியாக இருப்பதால் ஆள் விட்டு ஒடித்துவிடலாம். நெல்லிலும் சோளத்திலும் ஒவ்வொரு பூவிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன; ஏக்கர் கணக்கில் கையால் நீக்குவது நடக்கிற காரியமன்று. தாதுவே இல்லாத தாய் கிடைத்தால் அந்த வேலையே இல்லை.

அப்படிப்பட்ட தாய் முதன்முதல் தக்கபடி உபயோகப்பட்டது வெங்காயத்தில். 1925 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்து டேவிஸ் என்னும் ஊரில், விதை பிடியாத ஒற்றைச் சிவப்பு வெங்காயச் செடியொன்றை ஜோன்ஸ் என்பவர் கண்டார். அதன் பூங்கொத்தில் தோன்றிய சிறு குமிழ்களை நட்டுப் பெருக்கி, அக்குணம் வழிவழி வரும் முறையை 1943 இல் விளக்கினார். பின்னர் மக்காச்சோளத்திலும், 1954 இல் சோளத்திலும், 1958 இல் கம்பிலும் இத்தகைய தாய்கள் வெளிவந்தன. இந்தியாவின் முதல் சோள வீரிய ஒட்டான சி.எஸ்.எச்.1 1964 இலும், லூதியானாவில் உருவான முதல் கம்பு ஒட்டான எச்.பி.1 1965 இலும் குடியானவர் கைக்கு வந்தன. எச்.பி.1 இன் தாய், ஜார்ஜியா மாகாணத்து டிப்டன் நகரிலிருந்து வந்த டிப்ட் 23 ஏ.

கம்பைப் பற்றி நம் மாகாணத்துக்குரிய செய்தியொன்று இங்கு சொல்லத் தக்கது. கம்பங்கதிரில் சூல்முடி முதலில் வெளிவந்து, சில நாள் கழித்தே மகரந்தப் பை வெளிவரும். ஆண்மலட்டுத் தாய் கிடைப்பதற்கு முன்பே கோயம்புத்தூர் ஆராய்ச்சிக்காரர் இவ்வியல்பைக் கொண்டு, இரு ரகங்களைக் கலந்து விதைத்து ஒட்டு விதை எடுத்தனர். விதையில் ஒரு பகுதியே மெய்யான ஒட்டாக இருந்தும், அது நாட்டுக் கம்பைவிட மேலான மகசூல் தந்தது. பணச்செலவில்லாத யுக்தி, அதற்குரிய புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

நெல்லின் கதை 1970 இல் சீனாவின் ஹைனான் தீவில் தொடங்குகிறது. யுவான் லாங்பிங் என்பாரின் உதவியாளர் அங்கே காட்டுநெல்லில் தாதுவற்ற செடியொன்றைக் கண்டெடுத்தார். 1976 முதல் சீனக் குடியானவர் அதன் வழிவந்த ஒட்டு நெல்லைப் பெருவாரியாகப் பயிரிட்டனர். தமிழ்நாட்டின் முதல் ஒட்டு நெல்லான கோ.ஆர்.எச்.1 1994 இல் வெளிவந்தது. அக்காட்டுச் செடியின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு புரதம் ஊட்டுச்சுவரில் சேர்ந்து, அதை அகாலத்தில் மாளச் செய்கிறது என்பதைச் சீன ஆராய்ச்சிக்காரர் 2013 இல் வெளியிட்டனர். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகக் கோடிக்கணக்கான மக்கள் உண்ட அரிசிக்கு ஆதாரமான அக்குறையின் காரணம் அதுவரை சரிவர விளங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

விதை செய்யும் முறை பின்வருமாறு. தாதுவற்ற தாய் ஒரு வரிசை. இதற்கு ஏ என்று பெயர். எல்லா வகையிலும் அதையே ஒத்து, ஆனால் கெட்ட அடுப்பு இல்லாமையால் தாது உள்ளது பி. ஏ யின்மேல் பி யின் தாது விழுந்தால் மறுபடியும் ஏ கிடைக்கும். இது தாயைப் பெருக்குவதற்கு. மூன்றாவதான ஆர் வரிசையில், அடுப்பின் கோளாறை அடக்கி ஊட்டுச்சுவரைப் பிழைக்கவைக்கும் குணம் உண்டு. ஏ யின்மேல் ஆர் விழுந்து உண்டாகும் விதையே குடியானவருக்கு விற்கப்படுவது. அவ்விதையிலிருந்து வரும் செடி தாய்வழிக் கோளாறு உடையதாயினும், தந்தைவழி வந்த மீட்கும் குணத்தால் நிறைந்த தாது கொட்டும்.

இங்கேதான் குடியானவரின் பணம் சம்பந்தப்படுகிறது. ஒட்டுப் பயிரில் நல்ல கதிர்களாகப் பொறுக்கி அடுத்த போகத்திற்கு விதையாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். நாட்டு ரகத்திற்கு அது சரி. ஒட்டில் வைத்தால், மீட்கும் குணம் ஒரே காரணியால் வருவதாயின், சந்ததியில் நாலில் ஒரு செடி அக்குணம் இன்றிப் பிறந்து மலடாகும். பக்கத்துச் செடிகளின் தாதுவால் அதிலும் ஓரளவு மணி பிடிக்கலாம். ஆயினும் உயரமும் பருவமும் கலைந்து, வீரியமும் குன்றிப்போகும். கம்பில் வேறொரு கேடும் உண்டு. தாது விழாத சூல்முடி பல நாள் விரிந்தபடியே காத்திருக்கும். தேன் ஒழுகல் நோயின் பூஞ்சணம் அவ்வழியாகவே புகுகிறது. தாது விழுந்த பூவில் அதற்கு அவ்வளவு இடமில்லை. எனவே மலட்டுச் செடி மலிந்த கம்பங்கொல்லை, மழைமேகம் சூழ்ந்த நாளில் இந்நோய்க்குக் கதவைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும். நோய்க் கட்டிகள் கலந்த தானியம் உண்பவர்க்கு வாந்தியும் மயக்கமும் தரும். விதையில் அவை கலந்திருந்தால், 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையை இட்டு, மிதப்பவற்றை வாரி எறிந்துவிட்டு, எஞ்சியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி உலர்த்தி விதைக்கலாம்.

ஒரே தாயை எங்கும் நம்பியதால் நேர்ந்த விபரீதமும் உண்டு. அமெரிக்காவில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும் கூலியை மிச்சப்படுத்துவதற்காக, டெக்ஸஸ் மாகாணத்தில் கண்டெடுத்த ஆண்மலட்டுத் தாய் ஒன்றையே விதைக் கம்பெனிகள் எல்லாம் கையாண்டன. 1970 வாக்கில் அந்நாட்டு மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 85 பங்கு அத்தாயின் வழிவந்தது. இத்தாய்வழிப் பயிர் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாகிறதென்று 1961 இலேயே பிலிப்பைன் தீவுகளிலிருந்து எழுதினர், கேட்பாரில்லை. 1970 கோடையில் நோய் தெற்கிலிருந்து வடக்கே காட்டுத்தீப்போல் பரவி, நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் நூற்றுக்கு 15 பங்கை அழித்தது. எந்தப் புரதம் ஊட்டுச்சுவரைக் கெடுத்துத் தாதுவை மலடாக்கியதோ, அதே புரதமே நோயின் விஷத்திற்கும் வழி செய்தது என்று பின்னர் விளங்கிற்று. அதன்பின் கதிர் ஒடிக்கும் ஆட்கள் மறுபடியும் வயலில் இறங்கினர்.

நம் நாட்டில் எச்.பி.1 உம் அதன் உடன்பிறந்த ஒட்டுகளும் 1970 ஐ அடுத்த வருஷங்களில் அடிச்சாம்பல் நோயால் அழிந்தன. கதிர் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து நின்ற கொல்லைகளை அக்காலத்து முதியோர் இன்றும் நினைவுகூர்வர். இவ்விரண்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம். ஆனால் வித்தியாசம் உண்டு. மக்காச்சோளத்தில் குற்றம் மலட்டுத்தன்மையிலேயே இருந்தது. கம்பில் மலட்டுத்தன்மை குற்றமற்றது. டிப்ட் 23 ஏ என்ற அவ்வரிசைக்கு நோயைத் தாங்கும் குணம் இல்லை, அதையே எல்லா ஒட்டுக்கும் தாயாக்கியதுதான் குற்றம். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. ஆகையால்தான் அதே மலட்டுத்தன்மையை நோய் தாங்கும் வேறு வரிசைகளில் ஏற்றி, புதிய கம்பு ஒட்டுகளை உண்டாக்க முடிந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2011 இல் வெளியிட்ட கோ 9 கம்பு ஒட்டு இவ்வகையில் வந்தது.

ஊட்டுச்சுவரை வேண்டுமென்றே அழிக்கும் முறையும் வந்திருக்கிறது. 1990 இல் பெல்ஜியம் நாட்டில், ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நாசகாரப் புரதத்தை ஊட்டுச்சுவரில் மட்டுமே வேலை செய்யும்படி அமைத்துப் புகுத்தி, செடியை மலடாக்கினர். அதை அடக்கும் மாற்றுப் புரதத்தைத் தந்தைச் செடியில் வைத்தனர். டில்லிப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய டி.எம்.எச்.11 கடுகு ஒட்டு இம்முறையைச் சேர்ந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு அதைச் சுற்றுச்சூழலில் விடுவதற்குச் சம்மதம் தந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் இருவரும் அவ்விஷயத்தில் மாறுபட்ட தீர்ப்பு அளித்தனர். கடுகு நம் பக்கத்துப் பயிரன்று. எனினும் இதைப் பற்றிக் கிராமத்தில் கேள்வி எழும்போது, இது ஏ, பி, ஆர் வரிசைகளைக் கொண்டு செய்யும் ஒட்டு விதையினின்றும் வேறானது என்பதை அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம். இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் மிகுதி.

பிறவியில் குறை இல்லாத பயிரிலும் குளிரால் ஊட்டுச்சுவர் கெடுவதுண்டு. மலையடிவாரத்தார்க்கு இது முக்கியம். நெல்லில் கதிர் வெளிவருவதற்குச் சுமார் 10 அல்லது 12 நாளுக்கு முன், கதிர் இன்னும் பொதிக்குள் இருக்கும்போது, இளந்தாது உறையை விட்டு வெளிவரும். அந்நாட்களில் இரவுக் குளிர் சில நாள் தொடர்ந்து கடுமையாயிருப்பின், ஊட்டுச்சுவர் ஊதிப் பெருத்து, தாது வெறும் ஓடாகும். ஜப்பானியர் தம் வடதீவாகிய ஹொக்கைடோவில் இதை வெகுகாலம் ஆராய்ந்து, ஆபத்தான நாளைக் கண்டுபிடிக்க எளிய அடையாளமும் சொல்லியுள்ளனர்: கண்ணாடி இலையின் கழுத்தும் அதற்குக் கீழிலையின் கழுத்தும் சம உயரத்தில் வரும் சமயமே அது. அவ்வமயம் வயலில் நீரை ஏறக்குறைய முழங்கால் பாதி ஆழத்திற்குக் கட்டிவைத்தால், பொதிக்குள் இருக்கும் இளங்கதிர் நீரின் கதகதப்பில் பிழைக்கும். சோளமும் இதே பருவத்தில் இரவுக் குளிரால் கெடக்கூடியது. சில ஒட்டுகளில் மீட்கும் குணமும் குளிரில் தளர்ந்துவிடும். எனவே கீழே நன்கு விளைந்த சோள ஒட்டை, சரிவில் உயரமான காட்டில் பின்பருவத்தில் விதைக்க விரும்புவோர், முதல் வருஷம் ஒரு மூலையில் கொஞ்சம் விதைத்துப் பார்ப்பது நல்லது.

இக்குளிரையே உபயோகமாக்கிய நெல் வரிசைகளும் உண்டு. அவை சமவெளி வெப்பத்தில் மலடாயிருந்து ஒட்டு விதைக்குத் தாயாகும். குளிர்ந்த மலையில் தாமே தாது கொட்டி விதை தரும். ஆகவே பி வரிசை தேவையில்லை. கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தார் இவற்றைக் கூடலூரில் வைத்து ஆராய்கின்றனர். அது நீலகிரிக் கூடலூர். நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர் அன்று.

ஏலத்தில் இவ்விதத் தாய் தந்தை வரிசைகளுக்கு வேலை இல்லை. தூர் பிரித்து நடுவதால் ஒரு நல்ல செடியின் குணம் அப்படியே தொடர்கிறது. ஞள்ளானி போன்ற ரகம் மலை முழுவதும் பரவியது அவ்வாறே.

இனி, பதர் கண்ட கொல்லையில் செய்யவேண்டியவை. பூக்கும் பருவத்தில் காலையில் சென்று கதிர்களைப் பார்க்க வேண்டும். நல்ல மகரந்தப் பை பருத்து மஞ்சளாயிருக்கும். தட்டினால் தூள் பறக்கும். மலட்டுப் பை மெலிந்து வெளுத்துச் சுருங்கி, வெடிக்காமலே தொங்கும். சந்தேகமிருந்தால் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் நுண்ணோக்கி போதுமானது. பையைக் கண்ணாடித் துண்டின்மேல் நசுக்கி, மருந்துக் கடை அயோடினில் ஒரு துளியை நீர் கலந்து விட்டால், மாவுச்சத்து நிறைந்த நல்ல தாது கறுத்து உருண்டையாகத் தெரியும். மலட்டுத் தாது நிறம் பெறாமல் ஒடுங்கி நிற்கும். நெல்லின் தாது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 25 அடங்கும் அளவினதாகையால், வெறும் பூதக்கண்ணாடியால் இவ்வேற்றுமை தெரியாது.

அடுத்தபடி, மலடு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். விதையின் குற்றமாயின், முழு மலடான செடியும் முழு நலமான செடியும் ஒரே வரிசையில், ஒரே வயதில், பக்கம் பக்கமாகக் கலந்து நிற்கும். குளிராலோ வறட்சியாலோ வந்ததாயின், ஒரே வாரத்தில் பொதிக்கு வந்த செடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கெட்டிருக்கும். முன்னோ பின்னோ விதைத்த அடுத்த வயல் தப்பியிருக்கும். ஒரே கதிரில் மேற்பாதி நன்றாகவும் கீழ்ப்பாதி பதராகவும் இருப்பதும் பெரும்பாலும் பருவநிலையின் வேலையே. பிறவி மலடு கதிரைப் பாதியாகப் பங்கிடாது. மகரந்தப் பை நன்றாயிருந்தும் மணி பிடியாவிடில், பூக்கும் வேளையில் பெய்த மழையையோ, கதிர் நாவாய்ப்பூச்சியையோ நோக்க வேண்டும்.

விதையின் குற்றமென்று தோன்றினால், விதைப்பை, அதில் தைத்திருந்த அட்டை, வாங்கிய ரசீது மூன்றும் கையில் இருத்தல் வேண்டும். சான்று விதையின் அட்டை நீல நிறம். ஆதார விதைக்கு வெள்ளை. வல்லுநர் விதைக்கு மஞ்சள். பைக்குள் கொஞ்சம் விதையை மீத்து வைத்திருப்பவர்க்கு வழக்கு எளிது. 1966 ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி விதை ஆய்வாளர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் விதைத்த தேதியைச் சரியாகக் குறித்திருப்பாராயின், பொதி கண்ட வாரம் எது, அவ்வாரத்துக் குளிர் எவ்வளவு என்று பின்னால் கணக்கிட அது பெரிதும் உதவும். மனுவைப் பயிர் பூத்திருக்கும்போதே கொடுக்க வேண்டும். அறுத்துக் களத்தில் போட்டபின் வரும் அதிகாரி பார்க்கக்கூடியது பதர் மட்டுமே. மகரந்தப் பைகள் வெகு முன்பே காற்றில் உதிர்ந்து போயிருக்கும்.